கரையிலேயே முடிவெடுப்பது: ஒழுங்காக வாழ்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் என்ற ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம், ரீசார்ஜ் எல்லாம் உண்டு. 2019-இல் சிகரெட்டை விட்டேன். அப்புறம் கடையின் மேல் இருந்த வட்டிக் கடனை அடைத்தேன். நாற்பத்து நாலு வயதில் அஞ்சல் வழியில் பி.காம். முடித்தேன். பெரிய சாதனை ஒன்றும் இல்லை. ஆனால் சின்ன ஊரில் ஒருவன் சிகரெட்டை விட்டாலே அது செய்திதான். "எப்படிண்ணே முடிஞ்சது?" என்று அன்று கேட்க ஆரம்பித்தவர்கள் இன்னும் நிறுத்தவில்லை. குரூப் 4 விண்ணப்பம் போட வரும் பிள்ளைகள், படகுக்குப் போகிறவர்கள், கடலில் பாசி எடுக்கும் அக்காமார், வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வந்த கீழக்கரைக்காரர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் மெஷினை நிறுத்திவிட்டுப் பேச முடியவில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

காலையில் நாலு மணிக்கு எழுந்தால்தான் உருப்பட முடியுமா?

நம் ஊரில் இதைக் கேட்பதே வேடிக்கை. நாலு மணிக்கு எழுவதுதான் ஒழுக்கம் என்றால் பாம்பனில் பாதிப் பேர் கோடீஸ்வரர்களாகி இருக்க வேண்டும். எழுந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது முதல் நாள் ராத்திரியே தெரிந்திருந்தால் நாலும் சரி, ஆறரையும் சரி. தெரியாவிட்டால் நாலு மணிக்கு எழுந்து ரீல்ஸ் பார்ப்பீர்கள். நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மனஉறுதியே கிடையாது. பிறவிக் குணம். என்ன செய்வது?

எனக்கும் கிடையாது. சிகரெட்டை நான் மனஉறுதியால் விட்டதாக ஊர் நினைக்கிறது. நடந்தது வேறு.

அதற்கு முன் ஆறேழு தடவை "இன்றோடு சரி" என்று சபதம் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பதினொரு மணி டீயில் உடைந்தது. கடைக்குப் பக்கத்திலேயே டீக்கடை. கண்ணாடி கிளாஸ் கைக்கு வந்ததும் மற்றக் கை தானாக நீளும், மாஸ்டரும் கேட்காமலே ஒன்றை எடுத்துக் கொடுப்பார். அங்கே நிற்கும்போது முடிவெடுக்க எனக்குத் தெம்பு இருந்ததே இல்லை. 2019 ஏப்ரலில் செய்தது மூன்றே காரியம். மாஸ்டரிடம் போய், "நான் கெஞ்சினாலும் கொடுக்காதீங்க" என்றேன். அவர் சிரித்தார். ஆனால் கொடுக்கவில்லை. டீயை விட்டுச் சுக்குமல்லிக் காபிக்கு மாறினேன், ஏனென்றால் அந்த ருசியோடு சிகரெட் வாசம் எனக்குச் சேரவே சேராது. கடைசியாக, நிற்கும் இடத்தை மாற்றினேன். பெஞ்சில் உட்காராமல் கிளாஸை வாங்கிக்கொண்டு என் கடைக்குள்ளேயே வந்துவிடுவேன். முதல் பத்து நாள் எரிச்சல், தூக்கமின்மை, மனைவியோடு சண்டை எல்லாம் இருந்தது. ஆனால் "வேண்டாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற தருணங்கள் குறைவு. அப்படி நிற்க வேண்டிய இடத்துக்கு நான் போகவே இல்லை.

பாம்பன்காரர்களுக்கு இது புதிதில்லை. பாலத்துக்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்று வீசினால் தென்கடல் குமுறும். வாடை எழுந்தால் வடகடல் குமுறும். காற்றோடு மல்லுக்கு நிற்காமல் நாட்டுப்படகை அமைதியான பக்கத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். அவர்களை யாரும் கோழை என்று சொல்வதில்லையே.

படித்தவர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். மனஉறுதி ஒரு டேங்க் மாதிரி, செலவழிக்கச் செலவழிக்கத் தீரும் என்று 1998-இல் அமெரிக்க உளவியலாளர் ராய் பாமெய்ஸ்டரும் அவரோடு சேர்ந்தவர்களும் எழுதினார்கள். சுடச்சுட பிஸ்கட் வாசம் அடிக்கும் அறையில் சிலரை உட்கார வைத்து, முள்ளங்கியை மட்டும் தின்னச் சொன்னார்கள். அவர்கள் அடுத்துக் கொடுத்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள். வருடக்கணக்கில் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சுமார் 2,000 பேரை வைத்து அந்தக் கருத்தைச் சோதித்தபோது சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் தேறவில்லை. ஆகவே "என் டேங்கே சின்னதுண்ணே" என்று என்னிடம் வராதீர்கள்.

ஒரு பழக்கம் படிய 21 நாள் போதும் என்கிறார்களே?

அந்த 21 வந்த வழி இது: 1960-இல் மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், தன்னிடம் வந்தவர்கள் கண்ணாடியில் தெரியும் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். 'குறைந்தது' என்பது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. மூக்கு அறுவை சிகிச்சைக்கும் நீங்கள் குரூப் 4-க்குப் படிப்பதற்கும் சம்பந்தம் என்ன என்று யாரும் கேட்கவும் இல்லை.

இதை நேராகவே அளந்து பார்த்தவர் பிலிப்பா லாலி. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் அவருடைய குழு 96 பேரை 12 வாரம் கவனித்தது. சாப்பாட்டோடு ஒரு பழம், சாயங்காலம் கொஞ்சம் ஓட்டம் என்று ஆளுக்கொரு சின்னப் பழக்கம். 2009-இல் வெளியான அந்த ஆய்வின்படி, யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. இவ்வளவு இடைவெளி இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துப் பொருமுவதில் அர்த்தமில்லை.

66 என்றதும் எனக்கு நம் தடைக்காலம்தான் நினைவுக்கு வரும். மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. இந்தக் கரையில் அது தேதி ஒட்டிய காலண்டர் மாதிரி எல்லார் மனதிலும் இருக்கிறது. நான் சிகரெட்டை நிறுத்தியது ஏப்ரல் 15. "படகு கரையில் கிடக்கும் வரை" என்று மட்டும் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆயுசுக்கும் என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பேன். ஜூன் 15 விடிகாலை படகுகள் கிளம்பியபோது என்னால் இன்னும் ஐந்து நாள் இருக்க முடியும் என்று தோன்றியது. அப்படியே போய்விட்டது.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் பாழா?

சாயல்குடி பக்கம் என் சித்தப்பா மகன் பனை ஏறுகிறான். பதநீர்க் காலத்தில் அவனோடு இரண்டு நாள் தங்கிப் பார்த்தேன். இடுப்பில் அரிவாள் பெட்டி, தோளில் கலயம். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஒரே மரங்களில் ஏறுகிறான். மேலே போய் அவன் செய்வது ரொம்பச் சின்ன வேலை: பாளையின் நுனியை வெற்றிலைக் கனத்துக்கு ஒரு சீவல். அவ்வளவுதான். அந்தச் சீவலில்தான் சொட்டு திறக்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பான், தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். "ரெண்டு நாள் ஏறலேன்னா?" என்றேன். "கண்ணு அடைச்சிரும்ணே. பெறகு மரத்துக்கிட்ட கெஞ்ச முடியாது" என்றான்.

அவன் மரத்தைப் பற்றிச் சொன்னதை நான் மனிதனுக்கு வைத்துப் பேசிக்கொண்டு திரிந்தேன், "ஒரு நாளும் விடாதே" என்று. அது தப்பு. லாலியின் ஆய்விலேயே, ஒரு நாள் விட்டுப்போனவர்களுக்குப் பெரிய பின்னடைவு இல்லை என்று வந்தது. மனிதனுக்குப் பாளை மாதிரிச் சட்டென்று கண் அடைப்பதில்லை. ஒரு நாள் விட்டதற்காக நம்மை நாமே திட்டிக்கொண்டு அடுத்த பத்து நாளையும் விடுகிறோமே, அடைப்பது அங்கேதான். மறுநாள் ஏறிவிட்டால் சரி. சீவலின் கனத்தை மட்டும் அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு இரண்டு பக்கம், பத்துக் கணக்கு, இருபது ரூபாய், அந்த அளவு.

நான் படகுக்குப் போகிறவன். எந்த நாளும் ஒரே மாதிரி இருக்காது. எனக்கு எப்படி டைம்டேபிள்?

உங்களுக்குக் கடிகாரம் ஒத்துவராது. நியாயம்தான். கடலின் ஏற்றமும் வற்றமும் தினமும் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப்போகிறது, ஆபீஸ்காரர் எழுதிய 'காலை 6.00 முதல் 6.30 வரை' உங்களுக்கு எதற்கு? மணிக்குப் பதிலாக ஒரு நிகழ்ச்சியில் கட்டிப் போடுங்கள். 'வலையைக் காயப்போட்டதும்', 'குளித்து வேட்டி மாற்றியதும்', 'ஏலக் காசு கைக்கு வந்ததும்'. இன்னது நடந்தால் இன்னது செய்வேன் என்று முன்கூட்டியே ஒரு வாக்கியமாக வைத்துக்கொள்பவர்கள், வெறுமனே 'செய்ய வேண்டும்' என்று நினைப்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து காட்டிவருகிறார்.

அவர் காட்டுவதற்கு முன்பே இது தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பாசியைக் கையால் பிய்த்து எடுக்கிறார்கள். தினமும் போனால் தினமும் காசு. ஆனால் பாசி மறுபடி வளர நாள் வேண்டும் என்று அவர்களே கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. தேதியும் கிழமையும் இல்லை, நிலவோடு கட்டிய கணக்கு. அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015-இல் சீகாலஜி என்ற சர்வதேச அமைப்பு விருது கொடுத்தது. பசி இருக்கும்போதே 'இத்தனை நாள் போதும்' என்று முடிவெடுப்பதைவிடப் பெரிய சுய ஒழுக்கத்தை நான் எந்தப் பயிற்சி வகுப்பிலும் கண்டதில்லை. அதுவும் தனியாக எடுத்த முடிவு இல்லை. நீ போகாத நாளில் நானும் போகமாட்டேன் என்ற சொல் இருந்ததால்தான் அது நின்றது.

அப்துல் கலாம் மாதிரி ஆக என்ன செய்ய வேண்டும்?

வாரத்துக்கு ஒரு அப்பாவாவது பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இதைக் கேட்கிறார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

கலாம் நாலு மணிக்கு எழுந்து கணக்கு டியூஷனுக்குப் போனார், சரி. வருடத்துக்கு ஐந்து பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுத்த அந்த ஆசிரியர், குளிக்காமல் வந்தால் சேர்க்கமாட்டார். அப்புறம் இரண்டாம் உலகப் போர் சமயம், ராமேஸ்வரத்தில் நிற்காமல் போன ரயிலிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்கி வீடு வீடாகப் போட்டார். எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆனால் அந்தப் பையனுக்கு முன்னால் எழுந்தது யார்? அவருடைய அம்மா. எழுப்பி, குளிக்க வைத்து, அனுப்பியவர். திரும்பி வந்தால் தொழுகைக்கும் அரபிப் பள்ளிக்கும் கூட்டிப்போகத் தயாராக நின்றவர் அப்பா. எனவே கேட்கும் அப்பாக்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எத்தனை மணிக்கு எழுவீர்கள்?

சம்பாதிக்கிற காசு கையில் நிற்கமாட்டேன் என்கிறது.

மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லும் யோசனை இங்கே எடுபடாது. படகில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தைப் பங்கு பிரிக்கிறார்கள். ஒரு நாள் நல்ல மீன்பாடு, கை நிறையக் கிடைக்கும். அடுத்த நாலு தடவை டீசலுக்கே கட்டாது. நல்ல பாடு கிடைத்த அன்று சாயங்காலம் நாம் எல்லாருமே ராஜா. மாப்பிள்ளை, மச்சான், பழைய கடன், புதுச் செல்போன் எல்லாம் அன்றைக்குத்தான் ஞாபகத்துக்கு வரும்.

கையில் காசை வைத்துக்கொண்டு சேமிக்க முயலாதீர்கள். டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சிகரெட்டை விட முயன்ற மாதிரிதான் அது. காசு கைக்கு வருவதற்கு முன்பே அதற்கு இடம் சொல்லிவிட வேண்டும். ஒரு தம்பி ஏலத்திலிருந்து நேராக என் கடைக்கு வந்து, "எவ்வளவு வந்தாலும் பத்தில் ஒன்றை வீட்டுக்காரி கணக்கில் போட்டுவிடுங்க" என்று கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். ஐந்நூறு வந்தால் ஐம்பது, ஐயாயிரம் வந்தால் ஐந்நூறு. வீதம் மாறாததால் குறைந்த பாட்டிலும் கை விட்டுப்போகவில்லை. இரண்டு வருடத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்காமல் தன் வலையைத் தானே வாங்கினான். முன்பணம் வாங்கினால் மீனை அவர் சொன்ன விலைக்குக் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொன்று, மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டம். நீங்கள் சிறுகச் சிறுக 1,500 ரூபாய் கட்டினால் மத்திய, மாநில அரசுகள் ஆளுக்கு 1,500 போட்டு 4,500 ஆக, பாடு குறைந்த மாதங்களில் கொடுக்கிறார்கள். மீனவப் பெண்களுக்கும் தனியாக உண்டு. கட்ட மறந்துவிட்டுக் கடைசி நாளில் ஓடி வருகிறவர்களே அதிகம். தடைக்கால நிவாரணம் 8,000 வந்ததும் அதைப் பழைய பாக்கிக்குக் கொடுத்துவிட்டு, ஜூன் முதல் வாரம் அரிசிக்குக் கடன் கேட்பதை வருடா வருடம் பார்க்கிறேன். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது திட்டம் போடச் சொல்வது சுலபம்.

செல்போனை என்ன செய்வது?

ரீசார்ஜ் விற்கிறவனிடம் இதைக் கேட்கிறீர்கள். சார்ஜரைப் படுக்கைக்குக் கை எட்டாத இடத்தில் மாட்டுங்கள். அலாரத்துக்குத் தனிக் கடிகாரம் வாங்குங்கள். தள்ளிப்போய்விட்டால் டவர் கிடைக்காது, கடலில் மனசு நிம்மதியாக இருக்கிறது என்று படகுக்காரர்களே சொல்கிறார்கள். வீட்டிலும் டவர் இல்லாத ஒரு மூலையை உண்டாக்கிக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் குடியை விடமாட்டேன் என்கிறார். ஒழுக்கமாக இருக்கச் சொல்லுங்களேன்?

அக்கா, இதை மட்டும் ஒழுக்கக் கணக்கில் சேர்க்காதீர்கள். வருடக்கணக்கில் தினமும் குடிக்கிறவருக்கு அது உடம்பைப் பிடித்த நோய். சபதம் போட்டு ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, புத்தி பேதலிப்பு வரைக்கும் போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், மனநலப் பிரிவில் பாருங்கள். மாலை போட்டு நாற்பத்தெட்டு நாள் நிறுத்துகிறவர்களையும், நோன்பு மாதத்தில் சிகரெட்டைத் தொடாதவர்களையும், தவக்காலத்தில் கறியை விடுகிறவர்களையும் நான் மதிக்கிறேன். அந்த நாட்களில் ஊரே சேர்ந்து தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் நடுங்குகிற கைக்கு மாலை மட்டும் போதாது.

எனக்கென்று அரை மணி நேரம் கூடக் கிடையாது. நான் எதை ஒழுங்கு செய்ய?

இதைக் கேட்டவர் கருவாடு காயப்போடும் அக்கா. காலையில் குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால் ஐந்து மணியிலிருந்து குடத்தோடு காத்திருக்கிறார். பிறகு சமையல், பிள்ளைகள், கருவாடு, மாமியாருக்கு மருந்து. இவருக்கு 'உன் நாளைத் திட்டமிடு' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய நாள் அவர் கையில் இல்லை, மற்ற ஐந்து பேர் கையில் இருக்கிறது. அவர் இன்னும் கொஞ்சம் ஒழுங்காக வேண்டும் என்பதில்லை, வீட்டில் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு குடம் தூக்க வேண்டும். அவருடைய பெரிய பையன் என் கடைக்கு விண்ணப்பம் போட வந்தபோது அதையே சொன்னேன். இப்போது தண்ணீர் அவன் பொறுப்பு. அக்கா அந்த நேரத்தில் ஒன்றும் படிக்கவில்லை, தூங்குகிறார். அதுவும் வேண்டியதுதான்.

இப்படி எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டால் வாழ்க்கை சப்பென்று ஆகிவிடாதா?

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. இரண்டு தரப்புக்கும் நடந்த சண்டை சச்சரவுக்குப் பிறகு ஏற்பட்ட ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை விசைப்படகுக்காரர் கடலுக்குப் போவதில்லை. வலை பொத்துவார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவார், சும்மா உட்கார்ந்து கதை அளப்பார். குற்ற உணர்ச்சி இல்லாமல் அளப்பார், ஏனென்றால் அது போகாத நாள் என்று முன்பே முடிவாகிவிட்டது. முடிவாகாத ஓய்வில் எனக்கு நிம்மதி இருந்ததில்லை. படிக்க வேண்டுமே என்று நினைத்துக்கொண்டே டிவி பார்த்து, இரண்டும் கெட்ட ராத்திரிகள் எத்தனையோ. இப்போது ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, புத்தகம் கிடையாது. அரியமான் கடற்கரை, பிள்ளைகள், நண்டுக் குழம்பு.

நீங்கள் இன்னும் தவறுவதுண்டா?

உண்டு. போன தை மாதம் தங்கச்சிமடத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து பழைய கூட்டாளிகள் பந்தலுக்குப் பின்னால் நின்றார்கள். நானும் போய் நின்றேன். போயிருக்கக் கூடாது. யாரோ நீட்டினார்கள், வாங்கிவிட்டேன். பாதி இழுத்ததும் இருமல் வந்து கண்ணில் தண்ணீர் கொட்டியது, எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, ஸ்கூட்டரில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தாள். மறுநாள் பதினொரு மணிக்குப் போய் மாஸ்டரிடம் சொன்னேன். "சரி, சுக்குமல்லியா?" என்றார்.